அக்கா ஓடிய மைலும் இருபத்தைந்து தப்படியும்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு முடிகிறது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே இந்த நினைவு மலரில் எழுதும் கடமை எனக்கு வந்தது. "நல்லதை மட்டும் எழுதும்மா" என்றான் என் மூத்த மகன். நல்லதைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் அந்த நல்லதுக்கு நடுவில் என் தப்பு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு எனக்கு எழுத வராது.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து கடத்தூர் போகும் சாலையோரத்தில் எங்கள் ஊர். கேழ்வரகும் நிலக்கடலையும் விளையும் கொஞ்சம் மேட்டு நிலம், தண்ணீர் காணாத ஒரு கிணறு, இவைதான் அப்பாவின் சொத்து. ஊர்ப்பள்ளி முடிந்ததும் அக்கா அத்தை வீட்டில் தங்கி உயர்நிலைப் பள்ளியில் படித்தார். ஆண்பிள்ளைகள் நிறைந்த அந்தப் பள்ளியில் பெண்கள் ஐந்தே பேர். அத்தை வீட்டுக்குத் தண்ணீர் சேந்தி வைத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும் என்பதால், தினமும் மணியடித்த பிறகு பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடித்தான் அக்கா பள்ளிக்குப் போவார். டிரில் மாஸ்டர் ஒருநாள் அதைப் பார்த்தார். தாமதத்துக்குத் திட்டுவார் என்று அக்கா நடுங்கியிருக்கிறார். அவரோ, "நாளைக்கும் லேட்டா வா, கடிகாரத்தோட நிக்கறேன்" என்றாராம்.

அது யுத்த காலம். சேலத்துப் பெண்கள் பள்ளி மாணவி ஒருத்தி ஒரு மைல் ஓடிய நேரம்தான் அப்போது ஜில்லா ரெக்கார்டு. அதை முறியடிக்கும் பெண்ணுக்கு, பள்ளிப் படிப்பு முடிந்ததும் சென்னையில் டிரில் டீச்சர் பயிற்சிக்கு இடம் வாங்கித் தருவதாக, பள்ளிகளைப் பார்வையிட வரும் இன்ஸ்பெக்டரம்மா சொல்லியிருந்தார். பள்ளி மைதானமோ கடலை காய வைக்கும் களத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. எனவே எங்கள் ஊர்ப்பக்கம் மேடுபள்ளமில்லாத சாலையில், ஒரு மைல் கல்லிலிருந்து அடுத்த மைல் கல் வரை ஓடுவது என்று முடிவாயிற்று. "கவர்மெண்டு நட்ட கல்லு, பொய் சொல்லாது" என்பது டிரில் மாஸ்டரின் வாதம். புரட்டாசியில் ஒத்திகை ஓட்டம் நடந்தது. அக்கா ரெக்கார்டைத் தாண்டிவிட்டார். இன்ஸ்பெக்டரம்மா முன்னால் இன்னொருமுறை ஓடினால் போதும்.

ஊர் சும்மா இருக்குமா? "வயசுக்கு வந்த புள்ளைய ரோட்டுல ஓட வுடறானே" என்று பேசியது. அப்பா எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை சொன்னார்: "ரெக்கார்டை ஒடச்சுட்டா மெட்ராசுக்கு அனுப்பறனுங்க. இல்லைன்னா தையில கண்ணாலம்."

இதற்கிடையில் ஆயுத பூஜை வந்தது. சாலைப் பணியாட்கள் தங்கள் எல்லையில் உள்ள மைல் கற்களைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டுப் பொரி படைப்பார்கள். வேலைக்குச் செய்யும் மரியாதை அது. எங்கள் ஊரார் அதைப் பார்த்துப் பார்த்து, கல்லையே சாமியாக்கிவிட்டார்கள். ரோட்டுச் சாமி என்று பெயர். அந்தச் சாமி எங்கள் கிணற்றுக்கு நேராக நின்றால் ஊற்றுக் கண் திறக்கும் என்று அப்பாவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். பூஜை முடிந்த மறுநாள் விடியற்காலையில் அப்பாவும் பண்ணையாட்கள் இருவரும் கல்லைப் பெயர்த்தார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. மஞ்சள் தட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன். அப்பா காலால் அளந்து நடந்தார். நான் எண்ணினேன். இருபத்தைந்து தப்படி. அங்கே வேப்பமரத்தடியில் சாமியை நட்டு, பழைய குழியை மண் போட்டு மூடினோம். அத்தை வீட்டிலிருந்த அக்காவுக்கு எதுவும் தெரியாது. அந்த மாதமே மழை பிடித்துக் கிணற்றில் தண்ணீர் வந்தது. இனி அந்தச் சாமியை யார் அசைப்பார்கள்?

கார்த்திகையில் பந்தயம். முடிவிடமான எங்கள் ஊர்க் கல்லருகே இன்ஸ்பெக்டரம்மா, தலைமையாசிரியர், ஊர்க்கூட்டம் எல்லாம் நின்றிருந்தோம். "அடுத்த கல்லிலிருந்து இந்தக் கல் வரை சரியாக ஒரு மைல்" என்று தலைமையாசிரியர் கூட்டத்துக்கு விளக்கினார். கல் என்றால் தூரம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பாவுக்கும் அப்போதுதான். அவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். என் கையைப் பிடித்து அழுத்தி, "பேசாத, கண்ணு. சாமி குத்தம். கவர்மெண்டு கல்லுன்னா செயில்ல போட்டுருவாங்க" என்றார்.

கடத்தூர்ப் பக்கமிருந்து அக்கா வந்தார். கூந்தல் அவிழ்ந்து, வெறுங்காலோடு, பக்கத்தில் சைக்கிளில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே டிரில் மாஸ்டர். மூடிய குழியை அக்கா தாண்டினார். நான் குழியைப் பார்த்தேன், மரத்தடிக் கல்லைப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. கல்லைத் தொட்டபோது நேரம் மூன்று விநாடி கூடுதல் என்றார் டிரில் மாஸ்டர். அக்கா கல்லின் மேல் கை வைத்தபடி நின்றார். உள்ளங்கையெல்லாம் மஞ்சள்.

தையில் கல்யாணம் நடந்தது. அத்தான் நல்லவர்தான், ஆறே வருடத்தில் போய்விட்டார். பிறகு பாப்பிரெட்டிப்பட்டியில் ஒற்றை அறை வீடு, ஒரு தையல் மிஷின், அக்கா. எங்களோடு வந்து இருங்கள் என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். "உன் வூட்டுல நான் எதுக்குடி" என்பார். யாரையும் குறை சொன்னதில்லை, யாரிடமும் எதையும் கேட்டதில்லை. என் பிள்ளைகளின் துணியெல்லாம் அக்கா தைத்ததுதான். பொங்கலுக்கு வந்தால் மத்தியானமே கிளம்பிவிடுவார். எப்போதாவது என்னிடம் மட்டும், "அன்னிக்கு எங்கடி மூச்சு வாங்குச்சு? நல்லாத்தான ஓடினேன்" என்பார். தன் கால்மேலேயே அவருக்குச் சந்தேகம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் வாயை மூடிப் பிழைத்துக்கொண்டேன்.

போன வருடம் ஆஸ்பத்திரியில் இனி நாளில்லை என்று தெரிந்தபோது, ஒரு மாலையில் கல்லை நகர்த்தியதையும் நான் வாய் மூடி நின்றதையும் சொன்னேன். அக்கா மேலே ஓடும் விசிறியைப் பார்த்தபடியே கேட்டார்:

"எத்தனை தப்படி?"

"இருபத்தஞ்சுக்கா."

"பெரிய ஆளு தப்படியா, சின்னப்புள்ள தப்படியா?"

"அப்பா தப்படி."

போர்வையின் மேல் அவர் விரல்கள் மெல்ல அசைந்தன. கணக்குப் போட்டிருக்க வேண்டும். முகம் தெளிந்தது. பிறகு கேட்டார்: "நான் ஓடி வரப்ப அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா" என்றேன்.

"அப்பச் செரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாம் நாள் போய்விட்டார்.

அக்காவை ஒரு மகள் போலப் பார்த்துக்கொண்ட நர்சம்மாவுக்கும், கடைசி வரை கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டுத் தம்பதிக்கும், தோள் கொடுத்த உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. இப்போது இல்லாவிட்டாலும், கடிகாரத்தோடு நின்ற அந்த டிரில் மாஸ்டருக்கும்.

சாலையை அகலப்படுத்தியபோது கல் போய்விட்டது. வேப்பமரம் இருக்கிறது. திதிக்கு வருகிறவர்கள் அந்த மரத்தருகே இறங்கி, கடத்தூர்ப் பக்கமாக இருபத்தைந்து தப்படி நடந்து ஒரு நிமிடம் நில்லுங்கள். அக்கா அங்கேயே ஜெயித்துவிட்டார்.