பத்துப் புள்ளி, ஒன்பது பேர்

ஈரக் கம்பளி சாக்ஸ் காய்கிற வாசனை... மண்ணெண்ணெய் அடுப்புக்கு மேலே கம்பி கட்டி வரிசையாகத் தொங்கவிட்டிருப்போம். கூடாரம் முழுக்க அந்த நாற்றம்தான். இன்றைக்கும் விளாங்குடி வீட்டில் மழைநாளில் துணி காயாமல் கிடந்தால், மூக்கு என்னை அந்தப் பனிமலை ராணுவப் போஸ்ட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

நான் மேலூர்க்காரன். என் கூட்டாளி பாண்டி கீழக்குயில்குடிக்காரன். ஒரே நாளில் ராணுவத்தில் சேர்ந்தோம். ஊரை விட்டு அவ்வளவு தூரம் தள்ளி, இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த படுக்கை. என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவான்.

கேப்டனையும் சுபேதாரையும் சேர்த்து நாங்கள் பத்து பேர். சுபேதாருக்கு ஒரு பழக்கம். பனியில் வரிசையாக நடக்கும்போது நூறு அடிக்கு ஒருமுறை நின்றுவிடுவார். கடைசியில் வருகிறவன் "ஒண்ணு" என்பான். அவனுக்கு முன்னால் நடப்பவன் அதைக் காதால் கேட்ட பிறகுதான் "ரெண்டு" சொல்லலாம். அப்படியே குரல் முன்னால் போய், சுபேதார் தன் வாயால் "பத்து" என்ற பிறகுதான் அடுத்த அடி. அவருக்கு முன்பு இருந்த சுபேதாரும் அப்படித்தான் எண்ணினாராம்.

கடைசி ஆள் எப்போதும் பாண்டி, அவனுக்கு முன்னால் நான். அவன் "ஒண்ணு" சொன்னால் எங்கள் ஊர்ப் பெரியார் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவனுக்கே கேட்கும் என்று கேலி செய்வோம்.

அந்த வருடம் புதுக் கருவி வந்தது. ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி. கேப்டன் கையில் ஒரு டேப்லெட். யார் எங்கே இருக்கிறோம் என்று அதில் ஆளுக்கொன்றாகப் பத்துப் பச்சைப் புள்ளிகள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல சாமான். பனிமூட்டத்தில் வழி மாறிப் போன இரண்டு பேரை அரை மணியில் கண்டுபிடித்துக் கொடுத்தது. கேப்டனும் நல்ல மனிதர். எங்கள் பிள்ளைகள் பெயரெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

கீழ்ப் போஸ்ட்டுக்கு இறங்க வேண்டிய நாள் அது. பாண்டிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான். சொன்னால் ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டுவிடுவார்கள், லீவு போய்விடும். மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தான். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

காலையிலேயே வானம் சரியில்லை. நூறடிக்கு ஒருமுறை நின்றால் பனிப்புயலில் மாட்டிக்கொள்வோம், நிற்காமல் இறங்கலாம், எல்லாரையும் ஸ்கிரீனில் பார்த்துக்கொள்கிறேன் என்றார் கேப்டன். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பாதி வழியில் ஒருமுறை மட்டும் குரல் கேட்டுக்கொள்கிறேனே என்று சுபேதார் கேட்டுப் பார்த்தார். கேப்டன் வேண்டாம் என்றதும் முன்னால் நடந்தார். உத்தரவு உத்தரவுதான்.

கொஞ்ச தூரத்திலேயே பாண்டிக்கு மூச்சு வாங்கியது. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முடியாதவன் சுமையை முன்னால் போகிறவன் வாங்கிக்கொள்வான். அதை மேலே போய்ச் சொல்லவும் மாட்டோம். அவன் பையைக் கழற்றி என் நெஞ்சில் மாட்டிக்கொண்டேன்.

"நீ போ மாப்ள... ஒம் பின்னாடியேதான் வாரேன்."

அவன் குரலை நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

பெட்டியை உடம்பில் கட்ட வேண்டும் என்பது விதி. கனத்த கோட்டுக்கு மேல் உறுத்துகிறது என்று நாங்கள் எல்லாரும் பை வாரில்தான் மாட்டியிருந்தோம். பாண்டியின் பெட்டியும் அவன் பையில்தான் இருந்தது. எனக்கு அது தோன்றவே இல்லை.

கீழே வந்ததும் கேப்டன் ஸ்கிரீனைப் பார்த்து, பத்து பேரும் வந்தாச்சு என்றார். சுபேதார் தலைகளை எண்ணினார். ஒன்பது. மறுபடியும் எண்ணினார். பிறகு என் நெஞ்சில் தொங்கிய பையைப் பார்த்தார்.

திரும்பி ஓடினோம். ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்... கொஞ்சம் இளைப்பாறிவிட்டு வருகிறவன் மாதிரி. உயிர் இல்லை. கேப்டன்தான் அவனைத் தோளில் தூக்கினார். வழி முழுக்க அழுதுகொண்டே வந்தார்.

அடுத்த வாரம் மறுபடி நடந்தோம். சுபேதார் நின்றார். இப்போது நான்தான் கடைசி ஆள். "ஒண்ணு" என்று நான்தான் தொடங்க வேண்டும். அது பாண்டியின் எண்.

"ரெண்டு" என்றேன்.

யாரும் திருத்தவில்லை. குரல் முன்னால் போய்ப் போய், சுபேதார் "பத்து" என்று முடித்தார். அந்தப் போஸ்ட்டில் இருந்தவரை அப்படித்தான் எண்ணினோம்.

பத்து வருடம் ஆகிவிட்டது. போன மாதம் கீழக்குயில்குடிக்குப் போயிருந்தேன். பாண்டியின் மனைவி செல்வி காபி போட்டுக் கொடுத்தாள். மகள் இப்போது ஏழாவது படிக்கிறாள், டியூஷனுக்குப் போயிருந்தாள். அவள் எங்கே இருக்கிறாள் என்று செல்வி போனில் மேப்பைக் காட்டினாள். ஒரு நீலப் புள்ளி.

"தெரியுதுதாண்ணே. ஆனாலும் போன் போட்டு அவ கொரலக் கேட்டாத்தான் மனசு ஆறுது. அவரக் கைவிட்டதும் ஒரு மெஷினுதான..."

இத்தனை வருடமாக அவள் அப்படித்தான் நம்பியிருந்தாள். நானும் நம்ப விட்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அது வசதியாக இருந்தது. அன்றைக்கு ஏனோ முடியவில்லை. காய்ச்சலை மறைத்தது, பையை வாங்கியது, பெட்டி என்னோடு வந்தது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

செல்வி கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு சொன்னாள்.

"சொமந்தது தப்பில்லண்ணே... ஒருக்காவாச்சும் திரும்பிப் பாத்திருக்கலாம்ல."

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

இப்போது எங்கள் வீட்டிலும் ஆளுக்கு ஒரு போன். எல்லார் புள்ளியும் எல்லாருக்கும் தெரிகிறது. நல்லதுதான்... நான் குறை சொல்லவில்லை. ஆனால் சித்திரைத் திருவிழாக் கூட்டமோ, பக்கத்துக் கடையோ, குடும்பத்தோடு எங்கே போனாலும் நான் முன்னால் நடப்பதில்லை. ஏன்ப்பா எப்பவும் பின்னாடியே வாரீங்க என்று மகன் கேட்கிறான். சும்மாதான்டா என்று சொல்லிவைக்கிறேன்.

கடைசி ஆளாக நடந்துகொண்டே, மனதுக்குள் "ரெண்டு" என்று சொல்லிக்கொள்கிறேன்.