என் மடியில் இரண்டு பிள்ளைகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசி மாதம் எனக்குப் பால் வற்றிப்போனது. என் மகள் கிருபை அப்போது கைக்குழந்தை. அவளுக்கு முன் பிறந்த பையனைப் பாலில்லாமல்தான் மண்ணுக்குக் கொடுத்திருந்தேன். இவளுக்கும் அந்தக் கதி வந்துவிடுமோ என்று நடுங்கினேன்.

கோயமுத்தூர் மில்லில் அப்போது ஆட்களைக் குறைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் தேவசகாயத்துக்கும் வேலை போய்விட்டது. காலையில் கம்மங்கூழ், அப்புறம் வெறும் நீராகாரம். பிள்ளை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அழுவாள். நானும் அழுவேன். "ஆண்டவரே, எனக்கு வேறொன்றும் வேண்டாம். இந்தப் பிள்ளைக்குப் பால் கொடும்" என்று முழங்காலில் நின்று கெஞ்சினேன். ஒன்றும் நடக்கவில்லை. அவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பின்தெரு இப்ராகிம் ராவுத்தரின் மனைவி, பிள்ளை பெற்ற ஜன்னியில் இறந்துபோனார். ராவுத்தர் ஈரோட்டிலிருந்து மஞ்சள் வாங்கிவந்து விற்பவர். பிறந்த பையனுக்குப் பசும்பாலும் தங்கவில்லை, ஆட்டுப்பாலும் தங்கவில்லை. கொடுத்ததெல்லாம் வாந்தி. ஒரு மத்தியானம் ராவுத்தரின் அக்கா பாத்திமா, அந்தப் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, உங்களுக்குக் கைப்புள்ள இருக்குதுன்னு சொன்னாங்க. ஒரு வாய் குடுங்க. புள்ள கண்ணே தொறக்க மாட்டேங்குதுங்க."

என் மாமியார் சலோமி குறுக்கே வந்தார். "எங்கூட்டுப் புள்ளைக்கே இல்லீங்க. எங்க போய்க் குடுக்கறது?"

அவர் சொன்னது பொய்யில்லை. ஒரு பேரனை அவர் கையாலேயே குழியில் இறக்கியவர். நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன்.

"ஆண்டவர்கிட்ட பால் கேட்டியே ஞானம்மா, அவரு இந்தப் புள்ளைய அனுப்பியிருக்காரு. வாங்கிக்க" என்றார்.

வாங்கி மடியில் போட்டேன். கனமே இல்லை. அழக்கூடத் தெம்பில்லாத பிள்ளை. வாயை மாரில் வைத்து, "இயேசுவே, இவனுக்காகவாவது கொடும்" என்றேன். அவன் மெதுவாகச் சப்பினான். விட்டான். மறுபடி பிடித்தான். என் மார் சுருக்கென்று வலித்தது. பிள்ளையின் கடைவாயில் பால் வழிந்தது!

பாத்திமா அக்கா வாய்விட்டு அழுதுவிட்டார். என் மாமியார் உள்ளே போய்க் கிருபையைத் தூக்கிவந்து என் மறுபக்கம் வைத்தார்.

அன்று முதல் இரண்டு பேரும் என் மடியில்தான். பையனுக்கு யூசுப் என்று பேர் வைத்தார்கள். பாத்திமா அக்கா தினமும் பூண்டும் கருப்பட்டியும் போட்டுக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து கொடுப்பார். பூண்டுதான் பால் சுரக்க வைத்தது என்று தெருவில் சிலர் சொன்னார்கள். பூண்டு வருவதற்கு முன்பே பால் வந்துவிட்டது. அதை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் மார்கழியில் கிருபைக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு அனலாய்க் கொதித்தது. பாலைத் தொடவில்லை. "பங்கு போட்டதாலதான் இந்தப் புள்ள மெலிஞ்சுபோச்சு" என்று பக்கத்து வீட்டில் பேசினார்கள். அது என் நெஞ்சைக் குத்தியது. ராவுத்தர் காதுக்கும் போயிற்று போல. அவரே வந்து, வெளியில் நின்றபடி தலைகுனிந்து சொன்னார்.

"போதுமுங்க தங்கச்சி. எம்பட பையனை எடுத்துட்டுப் போறேன். நீங்க உங்க புள்ளையப் பாருங்க."

அவன் அங்கே போனால் பிழைக்கமாட்டான் என்று அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்டார். அந்த மனுஷனின் முகத்தை என்னால் மறக்க முடியாது.

"குடுத்ததைத் திரும்பக் கேக்காதீங்கண்ணா. ரெண்டும் எம்பட புள்ளைங்கதான்" என்றேன்.

எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ! உள்ளே போய் இரண்டு பிள்ளைகளையும் மடியில் வைத்துக்கொண்டு ஜெபித்தேன். என் மாமியாரும் பக்கத்தில் முழங்கால் போட்டார். "எங்க புள்ளையக் காப்பாத்துங்க சாமி" என்று தொடங்கியவர் சற்று நிறுத்தி, "ரெண்டையும்" என்றார்.

மறுநாள் வெயில் ஏறும்போது கிருபைக்கு வேர்த்தது. காய்ச்சல் இறங்கியது. தானே முகத்தைத் திருப்பி மாரைத் தேடினாள். ஸ்தோத்திரம் ஆண்டவரே!

இப்போது இரண்டும் தெருவில் ஓடி விளையாடுகின்றன. என் வீட்டுக்காரருக்கும் வேறு மில்லில் வேலை கிடைத்துவிட்டது. யூசுப் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறான். ஒரு தாய்ப்பால் குடித்தவர்கள் கூடப்பிறந்தவர்கள்தான் என்பது அவர்கள் மார்க்கமாம். கடைவீதியில் எல்லார் முன்னாலும் ராவுத்தர் கிருபையைத் தூக்கி, "இது எம்பட மகளுங்க" என்கிறார். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? என் ஆண்டவரைப் பற்றித்தான் இந்தப் பெருமை. இன்று எங்கள் பக்கம் எந்தத் தாய்க்குப் பால் இல்லையென்றாலும், எந்தச் சாதியானாலும், என் மாமியாரே போய்ப் பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் போடுகிறார்.

அன்பானவர்களே, உங்களில் யாராவது கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய் உட்கார்ந்திருக்கலாம். அப்போது வாசலில் யாராவது கையேந்தி வந்தால் இல்லையென்று சொல்லிவிடாதீர்கள். என் இயேசுவை நம்பி, பிள்ளையை வாங்கிக்கொள்ளுங்கள்.