சோப்பு டப்பா ரெகுலேட்டர்

எங்கள் வீட்டில் பகலெல்லாம் கிசுகிசுப்புதான். அம்மா காய்க்காரரிடம் கூட விரலைக் காட்டித்தான் பேரம் பேசுவாள். நானும் அக்காவும் சண்டை போட்டால் சத்தம் வராமல் கிள்ளிக்கொள்வோம். அப்பாவுக்கு வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூல் மில்லில் ராத்திரி ஷிஃப்ட். காலையில் மில் வேனில் வந்து இறங்கி, தலையில் ஒட்டியிருக்கும் பஞ்சைத் தட்டிவிட்டு, நாலு இட்லியைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாரானால் மூன்று மணிக்குத்தான் எழுந்திருப்பார்.

"தூக்கம் பத்தலைன்னா உங்கப்பா மெஷின்ல கையக் குடுத்துருவாரு" என்பாள் அம்மா. அது சும்மா மிரட்டல் இல்லை. அப்பாவோடு வேலை பார்த்த ஒருவருக்கு லேசாகக் கண் அசந்ததில் இரண்டு விரல் போயிருந்தது. அவர் ஒருமுறை எங்கள் வீட்டில் டம்ளரைப் பிடித்துக் காப்பி குடித்ததைப் பார்த்ததிலிருந்து, அப்பா தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரல்களை எண்ணுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. பத்தும் இருக்கும். ஆனாலும் மறுநாள் எண்ணுவேன்.

இப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் அந்தக் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. அக்கா பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் கடைசி வருடம் படித்தாள். அவளுக்காக, மூடப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து அப்பா அதை வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இருந்த ஒரே அறையில், அவர் படுக்கும் பாயிலிருந்து நாலடி தள்ளி வைத்தோம். சுவிட்சைப் போட்டதும் உள்ளேயிருந்த குட்டி ஃபேன் மாவு மில் மாதிரி இரைந்தது. அடுப்படியிலிருந்து ஓடிவந்த அம்மா கம்ப்யூட்டரை விட்டுவிட்டு வீட்டு மெயினையே அணைத்தாள். பாயில் படுத்திருந்த அப்பா புரண்டு கூடப் படுக்கவில்லை. "பாவம், அம்புட்டு அசதி" என்று அம்மா உச்சுக்கொட்டினாள். அன்றோடு, அப்பா எழுந்திருக்கும் வரை கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டாள். அவர் எழுந்த பிறகோ கரண்ட் இருக்காது. மின்வெட்டு உச்சத்திலிருந்த காலம் அது.

அக்கா பத்து நாளில் ஒரு புராஜெக்ட் செய்து, அதற்கு ரிப்போர்ட்டும் டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் மதுரைக்குப் போய் ரெடிமேடாக வாங்கி வந்துவிட்டார்கள். அக்காவுக்கு ரோஷம் அதிகம். "இந்த ஃபேன் வாயையே அடைக்கிறேன், அதையே புராஜெக்டா குடுக்கிறேன்" என்று கிளம்பிவிட்டாள். எனக்கு அப்போது ஐந்தாம் வகுப்பு லீவு. சேர்த்துக்கொள்ளாவிட்டால் அவள் நோட்டுக்குள் ஒளித்து வைத்திருந்த நடிகர் படத்தை அம்மாவிடம் காட்டுவேன் என்று சொல்லிச் சரிபாதிக் கூட்டாளியானேன்.

சீலிங் ஃபேனுக்கு ரெகுலேட்டர் இருக்கிற மாதிரி இதற்கும் ஒன்று. திட்டம் அவ்வளவுதான். முதலில், ஓட்டை ரேடியோவின் வால்யூம் குமிழைக் கழற்றி ஃபேன் வயரின் நடுவில் இணைத்தோம். குமிழைக் குறைத்து வைத்துக்கொண்டே சுவிட்சைப் போட்டோம். ஃபேன் மெதுவாகச் சுற்றியது. நான் கையைத் தட்டப்போனேன். அதற்குள் குமிழிலிருந்து மெல்லிசாகப் புகை வந்தது.

"என்னடி கருகுது?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கிசுகிசுத்தாள்.

"ஊதுபத்திம்மா" என்று நானும் கிசுகிசுத்தேன்.

அக்கா தோற்றுப் பின்வாங்குகிற ரகமில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையிலிருந்து மூன்று கால் ஐ.சி. ஒன்று வாங்கி வந்தாள். சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். ஃபேனுக்குப் போகிற பன்னிரண்டு வோல்ட்டை நாம் கேட்கிற அளவுக்குக் குறைத்துக் கொடுக்கும் வேலை அதற்கு. வேலை பார்த்தால் சூடாகும். சூட்டை வாங்கிக்கொள்ள ஒரு தகடு வேண்டும். எதிர்வீட்டில் பூட்டுப் பட்டறை. அங்கே கழித்துப் போட்ட பித்தளைத் தகடு ஒன்றை நான் கேட்டு வாங்கி வந்தேன். கொல்லையில் உட்கார்ந்து அக்கா சால்டரிங் வைத்தாள். ஈயம் உருகிப் பளபளவென்று உருண்டு நிற்கும்போதெல்லாம் நான் இன்னும் கிட்டே குனிந்து பார்த்தேன். எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் சோப்பு டப்பாவுக்குள் அடக்கி, மூடியில் ஓட்டை போட்டுப் புதுக் குமிழை வெளியே நீட்டினோம்.

அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்துச் சுவிட்சைப் போட்டு, குமிழைத் திருப்பினேன். இரைச்சல் இறங்கியது. இன்னும் திருப்பினேன். ஃபேன் பெருமூச்சு விடுகிற மாதிரி அடங்கிப்போனது. நாங்கள் இரண்டு பேரும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு குதித்தோம். அவ்வளவு சந்தோஷத்தைச் சத்தமில்லாமல் கொண்டாடியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ரெகுலேட்டர் என்றால் நம்பர் வேண்டுமே என்று, நகப் பாலிஷால் சைபரிலிருந்து ஐந்து வரை நானே எழுதினேன். அப்பாவின் பத்து விரலும் இனி என் பொறுப்பு என்று தோன்றியது.

மறுநாள் அக்கா பதினெட்டுப் பக்கம் டைப் அடித்துவிட்டுச் சாப்பிடப் போனாள். அந்தப் பக்கம் வந்தாள் அம்மா. கம்ப்யூட்டர் முன்னால் ஆளில்லாமல் ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா போகிற பெண்பிள்ளையா அவள்? சோப்பு டப்பாவில் நம்பரைப் பார்த்தாள், சமர்த்தாகச் சைபரில் திருப்பி வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் கொதித்துப்போய்த் தானாகவே அணைந்தது. பதினெட்டுப் பக்கத்தில் ஒரு பக்கம் கூட அக்கா சேவ் செய்திருக்கவில்லை.

"ஐயோ, போச்சே!" என்று அக்கா வீடே அதிரக் கத்தினாள். நான் திரும்பிப் பார்த்தது அப்பாவைத்தான். அவர் வாயைப் பிளந்துகொண்டு நிம்மதியாகத் தூங்கினார்.

"முன்னால ஆளில்லாம ஃபேன் எதுக்குன்னு நிப்பாட்டுனேன். அது ஒரு குத்தமா?" என்று அம்மா திருதிருவென்று விழித்தாள். குற்றம் நம்பர் எழுதிய என்னுடையது என்று தீர்ப்பானது. குமிழ் இரண்டுக்குக் கீழே போகாதபடி ஒரு குட்டி ஆணியைக் காய்ச்சி மூடியில் இறக்கினோம். சைபரையும் ஒன்றையும் சுரண்டி எடுத்தேன். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே மறுபடி முதல் பக்கத்திலிருந்து அடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மில் லீவு. அப்பாவைப் பாயில் உட்கார வைத்தோம். அப்பா எங்களிடம் பேசும்போது மோவாயைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார், "மொகத்தப் பாத்துச் சொல்லு தாயி" என்பார். எங்கள் மேல் அவ்வளவு பிரியம். அன்றும் என் மோவாயைப் பிடித்துக்கொண்டு முழு விளக்கத்தையும் கேட்டார். முதலில் ஐந்தில் வைத்து இரைச்சலைக் காட்டுவது, பிறகு இரண்டுக்குக் குறைத்து அசத்துவது என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம். நான் ஓடிப்போய் ஐந்தில் வைத்தேன். மாவு மில் கிளம்பியது.

"இப்பக் கேளுப்பா!"

அப்பா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாகக் கையைத் தட்டினார். "அடேங்கப்பா! கொஞ்சங்கூடச் சத்தமே இல்லையே தாயி! எம்புட்டுக் கெட்டிக்காரிக எம்புள்ளைக!"

"அப்பா, நான் இன்னும் குறைக்கவே இல்ல!" என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பாவும் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவுக்குப் பின்னால் நின்ற அம்மா, "ஏங்க, காப்பி போடவா?" என்றாள். கொஞ்சம் சத்தமாக, "ஏங்க!" என்றாள். அப்பா திரும்பவில்லை. எங்கள் கண்டுபிடிப்பில் சொக்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இந்த வேடிக்கையை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. தெருக்கோடியில் மில் மேஸ்திரி வீடு. அவர் மகள் என் சினேகிதி. வாசலைத் தாண்டி ஓடினேன். பாதித் தெருவில் என் கையைப் பிடித்து இழுத்தது அம்மா. கொண்டை அவிழ்ந்து, காலில் செருப்பில்லாமல், மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். அம்மா தெருவில் ஓடி நான் பார்த்ததே இல்லை.

"யாருட்டயும் சொல்லாத. மேஸ்திரி வீட்டுல மூச்சு விடக்கூடாது. எந்தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

மெஷின் இரைச்சலில் அப்பாவின் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது, மில்லுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்பதெல்லாம் எனக்குத் தெரிய இன்னும் சில வருடங்கள் இருந்தன. எங்கள் ரெகுலேட்டரை மேஸ்திரி வீட்டில் காப்பியடித்துவிடுவார்கள் என்றுதான் அம்மா பயப்படுகிறாள் என்று நினைத்தேன். அம்மாவுக்குக் கூட எங்கள் அருமை தெரிந்துவிட்டதே என்ற பூரிப்பில், அவள் தலையில் ஓங்கியே அடித்துச் சத்தியம் செய்தேன்.