பின்பக்கமாக இறங்கியவர்

திண்டிவனத்தில் அந்தப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகம் பேருந்தைப் பார்த்தபடி படியில் பின்பக்கமாக இறங்கியபோதுதான் நாமும் ஓடிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

விழுப்புரத்திலிருந்து இருக்கை காலியாக இருந்தும் நின்றேதான் வந்தார். போலீஸ் தேர்வுக்காக முந்தின நாள்தான் திண்டிவனம் மைதானத்தில் முதன்முதலாக ஓடினாராம். தொடை வலியில் காலை மடக்க முடியவில்லை.

"இன்னிக்கு ஓட்டத்துக்கு லீவு போடலாமே?" என்றேன்.

"ரெண்டாம் நாள் எழுந்திருக்க மாட்டேன்னு வீட்டுக்காரர் சொல்லிக்கினு இருக்காரு. படுத்துட்டா அவரு ஜெயிச்சிடுவாருங்க."

"பழகாம ஓடுனா தசையில இழையெல்லாம் லேசா கிழியும். ஆறும்போது முன்ன விட கெட்டியாயிடும்" என்று படித்ததைச் சொன்னேன்.

"நீங்க எப்ப ஓடுனீங்க?"

திண்டிவனத்தில் பேருந்து நின்றது.

"திரும்பி எறங்கும்மா, ஜல்தி" என்று கண்டக்டர் அவசரப்படுத்தினார்.

"திரும்புனா முட்டிய மடக்கணும், வலிக்குதுண்ணா. எப்டி எறங்குனா என்ன, கிரவுண்டுக்குப் போயிடுவேன்."

நாளைக் காலை நானும் ஓடப்போகிறேன். மறுநாள் வலிக்கும், அன்றைக்கும் போக வேண்டும்.