லாரி ஏறும் சிநேகிதங்கள்

வீடு மாற்றித் தரும் தொழிலில் பீரோவைக் கிளப்புவது சுலபம், ஆட்களைக் கிளப்புவதுதான் பெரும்பாடு. வாடகை வீட்டில் காலம் தள்ளும் சக ஜீவன்களே, உங்களுக்குத் தெரியாததா? பெங்களூரில் ஒரு தெருவில் சிரித்துப் பேச நாலு பேர் சேர்வதற்குள் ஓனர் சாவியைக் கேட்டுவிடுகிறார். சாமான் எல்லாம் போனதும் திரையில்லாத ஜன்னல் வழியாக வெயில் வெறும் தரையில் வந்து படுக்கும். அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் சும்மா நிற்பது எனக்குப் பிடிக்கும்.

ஸ்டவ் யாருக்கு?

பீன்யாவில் ஒரே அறையில் மூன்று நண்பர்கள். ஒருவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, தனி வீடு பார்த்துவிட்டான். சேர்ந்து வாங்கிய கேஸ் ஸ்டவ்வைச் சுற்றி உட்கார்ந்து 'எடுத்துக்கோ', 'வேணாம்' என்று மூவரும் இழுத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒருவன் அதைத் தூக்கி என் கையில் திணித்துவிட்டு மாப்பிள்ளையிடம் சொன்னான்: "நீயே வச்சுக்கோ மச்சான். ஆனா ஞாயித்துக்கிழமை பிரியாணிக்கு அங்கதான் வருவோம், சிஸ்டர்கிட்ட இப்பவே சொல்லிவை."

எதிர் வீட்டு கேட்

மல்லேஸ்வரத்தில் ஒரு சாருக்கும் எதிர் வீட்டுக்காரருக்கும் கார் நிறுத்துவதில் தீராத சண்டை. சார் வீட்டைக் காலி செய்த அன்று, என் லாரிக்கு எதிர் வீட்டு கேட்டை விட்டால் வேறு இடமில்லை. எதிர் வீட்டுக்காரர் வெளியே வந்தார். "கோச்சுக்காதீங்க சார்" என்று கும்பிட்டேன். காலை வெயிலில் ஊஞ்சல் பலகை லாரியில் ஏறுவதை அவர் கனவில் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "நிக்கட்டும்ப்பா. நாளையிலேர்ந்து நான் யார்கிட்ட சண்டை போடறது?"

மீனாவின் டப்பா

ஊர் எல்லையில் இருக்கும் அத்திபெலே பக்கம் குடிபோகும் சுதா மேடம், சமையலறையில் எனக்குப் பாத்திரம் எடுத்துக் கொடுத்தபடியே பேசினார். முந்தைய வீட்டுத் தோழி தினமும் பேசினாளாம், பிறகு வாரம் ஒருமுறை, இப்போது பண்டிகைக்கு போனில் ஒரு பூப்படம் மட்டும். "பக்கத்து வீட்டு மீனாவும் அப்படி ஆயிடுவாளோன்னு பயமா இருக்கு" என்றார்.

அப்போதுதான் 'மீனா' என்று பெயர் வெட்டிய எவர்சில்வர் டப்பா ஒன்று என் கையில் சிக்கியது. அடுத்தவர் பாத்திரம் தவறிக்கூட லாரி ஏறக் கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். "இது அவங்களதாச்சே, கொடுத்துடட்டுமா மேடம்?" என்று உரக்கக் கேட்டுவிட்டேன். சுதாவின் முகம் சுண்டிப்போனது. வழியனுப்ப வந்த மீனா வாசலிலேயே நின்றிருந்தார்.

மீனா உள்ளே வந்து டப்பாவை என்னிடமிருந்து வாங்கி, சுதாவின் அட்டைப்பெட்டியிலேயே வைத்து மூடினார்.

"போகட்டும் அண்ணா. வெறும் டப்பாவைத் திருப்பித் தர்ற பழக்கம் இவளுக்குக் கிடையாது, ஏதாவது செஞ்சு எடுத்துக்கிட்டு வந்துதான் ஆகணும்."

அன்றிலிருந்து யார் வீட்டிலாவது அடுத்த வீட்டுப் பெயர் வெட்டிய பாத்திரம் கண்ணில் பட்டால், எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூட வருவதில்லை.