ரப்பர் விரிப்புக்கு அடியில்

ஆமத்தூர் தாண்டி ஒரு வேகத்தடையில் என் குதிகால் வேனின் தரைக்குள் இறங்கியது. பின்பக்கம் பட்டாசு லேபிள் கட்டுகள் சரியாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரப்பர் விரிப்பின் ஓரத்தைத் தூக்கினேன். உள்ளங்கை அகல ஓட்டை. அதன் வழியே தார்ச்சாலை ஓடிக்கொண்டிருந்தது.

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா கண்ணாடியில் பார்த்தார். "அம்புட்டுத்தான். ஆர்.சி. முடியட்டும், பழைய இரும்புக்குப் போட்டுருவோம்" என்றார்.

ஆர்.சி. முடிய ஐந்து வாரம் இருந்தது. பதினைந்து வயதான வண்டி. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டிப் பாஸானால்தான் மேற்கொண்டு ஓடும்.

அந்த வேனில்தான் அக்கா ஓட்டப் பழகினாள், ஆனைக்குட்டம் அணைக்குப் போகிற ரோட்டில். பக்கத்துச் சீட்டில் நான் கை பிரேக்கைப் பிடித்தபடி இருப்பேன். நான்கு வருடத்துக்கு முன்பு, தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு ஓசூருக்குப் போய்விட்டாள். அதன் பிறகு அப்பா அவளோடு பேசவில்லை. வீட்டில் அவள் பேச்சே எழாது. எனக்கு மட்டும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்வாள். ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி கேட்பாள்: "வேன் இருக்காலே?"

வீட்டைப் பற்றி அவளால் கேட்க முடிந்தது அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும். "இருக்கு" என்பேன். ஒரு நாள் இல்லை என்று சொல்ல நேர்ந்துவிட்டால், அவள் அடுத்து எதைக் கேட்பாள்? அவளும் ஓசூரில் பிறந்த அவள் குழந்தையும் விருதுநகர் ஸ்டேஷனில் இறங்குகிற அன்று, வெளியே அந்த வேன் நிற்க வேண்டும். எனக்கு வேண்டியது அதுதான்.

நான் மெக்கானிக்கல் படித்தவன், இரண்டு கம்பெனிகளில் நிலைக்காமல் திரும்பி வந்து அப்பாவோடு லேபிள் டெலிவரி பார்ப்பவன். துருப்பிடித்த தரையைச் சரிசெய்யும் வீடியோக்களை ஒரு வாரம் பார்த்தேன். எல்லாம் தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது. "நான் செஞ்சு பாக்கேன்" என்றேன். "பாஸாகலைன்னா எடைக்குத்தான்" என்றார் அப்பா. வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

மழையே எட்டிப் பார்க்காத ஊரில் இவ்வளவு துரு எப்படி என்பது விரிப்பை முழுதாகச் சுருட்டியதும் தெரிந்தது. அடியில் தாள் மேல் தாள். பட்டாசுப் பெட்டிகளில் ஒட்டுகிற லேபிள், அச்சில் கலர் விலகியதால் கழித்துப்போட்டது. எங்கள் ஊரில் அந்தத் தாள் போகாத இடமில்லை. அலமாரியில் விரிப்போம், வடை மடிப்போம், பின்பக்கத்து வெள்ளையில் பிள்ளைகள் கணக்குப் போடுவார்கள். தகரம் அழுக்காகாமல் இருக்கட்டும் என்று அப்பா வருடா வருடம் தீபாவளி சீசன் முடிந்ததும் பழைய தாளின் மேலேயே புதுத்தாள் விரித்திருக்கிறார். வாரம் ஒரு முறை போர் தண்ணீர் ஊற்றிக் கழுவுவோம். அந்த உப்புத்தண்ணீரைத் தாள் குடித்துவிட்டு அப்படியே வைத்துக்கொண்டது. மேலே ரப்பர் மூடியிருந்ததால் காயவே இல்லை. காப்பாற்றுவதாக நினைத்து நாங்களே ஈரத்துணி போர்த்தி வைத்திருக்கிறோம்.

அடியில் இருந்தவை கூழாகிவிட்டன. மேல் அடுக்குகளை ஒவ்வொன்றாக உரித்தேன். மயில், கிளி, தாமரை, மறுபடியும் மயில். கதவோரத்தில் காய்ந்திருந்த ஒரு தாளின் பின்பக்கம் அக்காவின் கையெழுத்து, பிளஸ் டூ கணக்கு. எட்டு வரி ஓடி, பாதியில் நின்றிருந்தது. படமெடுத்து அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"மூணாவது வரியிலேயே தப்புலே. மைனஸ விட்டுட்டேன்" என்று சிரித்தாள். படத்தின் ஓரத்தில் வெறும் தகரம் தெரிந்திருக்க வேண்டும். "வேன ஏன் பிரிச்சுப் போட்டிருக்க?"

"சும்மா, கிளீன் பண்றேன்" என்றேன்.

பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன் பைபாஸ் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். அவன் அம்மா பட்டாசு ஆலைக்குப் போகிறவர். வண்டியை அவனிடம் கொண்டுபோய் நிறுத்தியதும் கிரைண்டரைக் கையில் எடுத்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டான்.

"இதுல வெடி லோடு ஏத்துனீகளா?"

"சீசனுக்கு கிஃப்ட் பாக்ஸ் ஏத்துவோம். அதெல்லாம் பெட்டிக்குள்ளதானலே."

அவன் தகடுகள் சேருகிற இடுக்கில் மூங்கில் குச்சியை விட்டுச் சாம்பல் நிறத் தூளைக் கொஞ்சம் சுரண்டினான். ரோட்டோரம் ஒரு கல்லின் மேல் வைத்து, நீளக் குச்சியின் நுனியில் தீ வைத்து நீட்டினான். சர்ரென்று வெள்ளையாக ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். பெட்டிகளிலிருந்து உதிர்ந்த வெடிமருந்து அது; கிரைண்டரைத் தள்ளி வைத்தேன்.

"இஞ்சினியரு, ஒங்க வீடியோல இத காட்டலையா?" என்றான். "மூணு தடவ தண்ணிய விட்டு அலசு. மூணு நாளு வெயில்ல போடு. அதுக்கு முன்ன இங்கன தீப்பொறி ஆகாது."

"டேட் நெருங்குதுலே."

"எங்கம்மா வேலைக்குப் போனா, ஒரசிப் பொறி வந்துரும்னு கால்ல செருப்பு கூட போடாது. நீ தீய வைக்க வந்துட்டு டேட் சொல்லுத."

பெட்ரோல் டேங்கைக் கழற்றி வைத்துவிட்டு, இடுக்குகளிலும் கதவடிப் பள்ளங்களிலும் குழாயை விட்டு அலசினேன். மூன்று நாளும் நாலு கதவையும் திறந்துபோட்டுக் காவல் இருந்தேன். இரும்பு காய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் போலப் பொறுமை கேட்கிற வேலை வேறு இல்லை.

அதன் பிறகு துருவேறிய பகுதியை வெட்டினோம். உள்ளங்கை ஓட்டை என்று நினைத்தது இரண்டு முழமாக விரிந்தது. பளபளக்கிற நல்ல தகடு தென்படும் வரை நிறுத்தாதே என்றான். புதுத் தகட்டை வளைத்துப் பொருத்தி, சூட்டில் கோணாமல் இருக்க இங்கொரு பொட்டு அங்கொரு பொட்டாக ஒட்டினான். இணைப்புகளில் பசை பூசி, துத்தநாக பிரைமர் இரண்டு கோட், அடிப்பக்கம் தார் போன்ற கறுப்புப் பூச்சு, மடிப்புகளுக்குள் மெழுகு என்று மீதியை நான் செய்தேன். தேங்குகிற நீரை வடிக்க நான்கு துளை போட்டு, கழற்றி மாட்டுகிற ரப்பர் மூடியும் வைத்தேன். தாள் மட்டும் விரிக்கவில்லை.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்ட ஆர்.சி.யில் உள்ளபடி எல்லாச் சீட்டும் இருக்க வேண்டும். லோடுக்காக அப்பா எப்போதோ கழற்றிய பின்சீட்டை குடோன் பரணிலிருந்து இறக்கிப் பூட்டினோம். ஆய்வாளர் குனிந்து தரையைத் தட்டிப் பார்த்தார், இரண்டு இடத்தில். பாஸ்.

மதியம் அக்கா போன் செய்தாள். வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "இன்னும் அஞ்சு வருசத்துக்கு இருக்கும். வா" என்றேன்.

"அப்பா வரச் சொன்னாகளா?"

"இல்ல."

"அப்பம் பாப்போம்லே" என்றாள். பின்னால் குழந்தை எதையோ கேட்டு அடம்பிடித்தது. போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் மல்லாங்கிணற்றுக்கு லோடு. பின்சீட்டைக் கழற்ற ஸ்பேனரோடு போனேன். அப்பா ஒரு லேபிள் கட்டை மொபெட்டின் பின்னால் வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். வாசலில் இன்னும் இரண்டு கட்டு இருந்தது.

"வேன்ல ஏத்தலையாப்பா?"

"சீட்டு கெடக்கட்டும். ரெண்டு நட போனாப் போச்சு" என்றார், முடிச்சைப் பார்த்தபடியே.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. அப்பா இன்னும் இரண்டு நடை போகிறார். அக்கா இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பின்சீட்டின் தூசியைத் துடைக்கிறேன். போன வாரம் நான் போனபோது, யாரோ அதை முன்னமே துடைத்திருந்தார்கள்.