அக்கா கடைசியாக எடுத்த காடிகள்

“அக்காவப் பத்தி நல்லதா நாலு வரி எழுதுவியா, இல்ல அலமாரி ஓரம் பிஞ்சு வருதுன்னு அதையும் எழுதி வெப்பியா? உன்ன நம்பிக் குடுக்கவே யோசனையா இருக்கு,” என்றார் மாமா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அக்காவின் முதலாண்டு நினைவு மலருக்கு வேறு யார் எழுதுவார்கள்? மாமா மன்னிக்க வேண்டும். இரண்டையும் எழுதுகிறேன்.

அக்கா வாணியம்பாடியில் பிறந்தார். மூட்டை தூக்கும் வேலைக்காக அப்பா ஜீவனஹள்ளிக்கு வந்தபோது அவர் கைக்குழந்தை. அப்பா படுக்கையில் விழுந்ததும், அக்கா மரச்சாமான் செய்யும் ஷெட் ஒன்றில் தூள் கூட்டும் வேலைக்குப் போனார். அப்போது அவர் சிறுமி. நான் யூனிஃபார்ம் மாட்டுவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். கல்யாணப் பேச்சு வந்தால், “இவ படிச்சு முடிக்கட்டும்” என்பார். நான் முடிப்பதற்குள் கேட்பவர்களும் நின்றுபோனார்கள்.

வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் மேஜை வாங்கத் தொடங்கிய காலம் அது. பலகையின் வெட்டுப்பக்கம் தெரியாமலிருக்க, ஓரத்தின் நடுவில் மெல்லிய பள்ளமாகக் காடி எடுத்து, அதில் பீடிங் என்ற பிளாஸ்டிக் பட்டையை ரப்பர் சுத்தியலால் தட்டி இறக்குவார்கள். பெண்களுக்குத் தட்டும் வேலை மட்டும்தான். காடி எடுக்கும் மெஷின் ஆண்களுடையது. மெஷின்காரர் வராத ஒரு நாள் அக்கா எடுத்துக் காட்டினார். அதன்பின் அது அவருடைய மெஷின் ஆயிற்று. பலகையை மெஷின் மேஜையோடு அழுத்தித் தள்ள வேண்டும். கொஞ்சம் தூக்கினாலும் காடி அகலமாகி, பீடிங் கழன்றுவிடும். கோந்து வைத்து அனுப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் கோபம் வரும். ஓரம் அடிபட்டால் கழற்றி மாற்ற முடியாதே என்பார்.

பிறகு அத்திபெலேயில் சொந்தமாக ஷெட் பிடித்தார். கூட வேலை செய்த ராஜம்மா அக்காவும் அவரோடு வந்தார். சிறுநீரகம் கெட்டு, கை நடுங்கத் தொடங்கிய பின்பும் அக்கா வேலையை நிறுத்தவில்லை. அந்த மாதங்களில் அவர் செய்தவை எல்லாம் சொந்தக்காரர்களின் சமையலறை அலமாரிகள்.

ஆஸ்பத்திரியில் அவர் விசாரித்ததெல்லாம் அவற்றைத்தான். பீடிங் எல்லாம் கெட்டியாக நிற்கிறது என்றார் ராஜம்மா அக்கா.

“பொய் சொன்னா நீ மூக்கத் தொடைப்ப ராஜி. இப்பவும் தொடைக்கிற,” என்றார் அக்கா.

அவர் போன பிறகு ஒரு நாள் சந்தாபுராவில் சின்னம்மா வீட்டுக்குப் போனேன். அலமாரிக் கதவின் ஓரமெல்லாம் செலோ டேப். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“பரவாகில்ல கண்ணு. அவ கை பட்டது, அப்படியே இருக்கட்டும். செத்தவங்க வேலையக் கொற சொல்லலாமா?”

பிறகு மற்ற வீடுகளுக்கும் போனேன். எங்கும் டேப். ஒரு வீட்டில் காலண்டரை மாட்டி மறைத்திருந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. உங்கள் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அக்காவுக்கு அது ஆறுதலாக இருந்திருக்காது. தன் கை தளர்ந்தது அவருக்குத் தெரியும். திரும்ப எடுக்கத்தான் உடம்பு இடம் கொடுக்கவில்லை.

டயாலிசிஸுக்கு ஆட்டோவில் கூட்டிப்போனவர்கள், ரத்தம் கொடுத்தவர்கள், ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தவர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. குறை சொல்லாமல் டேப் ஒட்டியவர்களுக்கும்தான்.

ஆபீஸ் வேலை முடிந்து அக்காவின் ஷெட்டுக்குப் போய்ச் சேரும்போது எனக்கு நிற்கவே தெம்பு இருப்பதில்லை. ஆனாலும் போன ஞாயிற்றுக்கிழமை சின்னம்மா வீட்டுக் கதவுகளைக் கழற்றிக்கொண்டு வந்தேன். சின்னம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. அகன்ற காடிகளை மெல்லிய மரக்கீற்றும் கோந்தும் வைத்து அடைத்துக் காயவிட்டோம். ராஜம்மா அக்கா பக்கத்தில் நின்று, “அழுத்துடி, அது ஒண்ணும் உன் பேனா இல்ல” என்று சொல்லச் சொல்ல, முதல் கதவுக்கு நானே காடி எடுத்தேன். பீடிங்கைத் தட்டி இறக்கி, இருவரும் மாறி மாறி இழுத்துப் பார்த்தோம். வரவில்லை.

இரண்டாவது வீட்டுக் கதவுகள் நேற்றே ஷெட்டுக்கு வந்துவிட்டன. மற்றவர்கள் டேப்பைப் பிரித்து வையுங்கள்.